மூலிகைச் சாறுகளை ஆய்வகத்தில் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூலிகைச் சாறுகளைச் சோதிக்கும் வேலையில் இருப்பதால் புராஜெக்ட் செய்யும் மாணவர்கள், மருத்துவர்கள், மூலிகை வளர்ப்பவர்கள் என்று பலரும் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அதிகம் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை வைத்தே எழுதப்பட்டவை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. ஒரு செடிக்கு மருத்துவ குணம் இருக்கா இல்லையான்னு ஒரே டெஸ்ட்ல சொல்லிட முடியாதா?

முடியாது. மருத்துவ குணத்தை மொத்தமாக அளக்கும் கருவி எதுவும் கிடையாது. இந்தக் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கிறதா, இந்த நொதியை அடக்குகிறதா, தோல் செல்களை நகர வைக்கிறதா என்று ஒவ்வொன்றாகத்தான் கேட்க முடியும். ஒரு சோதனை ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

வழக்கமாக முதலில் செடியை அடையாளம் காண்போம். பிறகு உலர்த்திப் பொடித்துச் சாறு எடுத்து, அதில் என்ன வகைச் சேர்மங்கள் இருக்கின்றன என்று பார்ப்போம். அடுத்து பெட்ரி தட்டு, வளர்ப்புச் செல்கள், வேலை செய்யும் பகுதியைப் பிரித்தெடுப்பது, நச்சுத்தன்மை, விலங்குகள், கடைசியில் மனிதர்கள். ஒவ்வொரு படியிலும் பல சாறுகள் உதிர்ந்துவிடும். இரண்டாம் படியில் கிடைத்த முடிவைக் கடைசிப் படியின் முடிவாகப் பேசுவதுதான் இந்தத் துறையில் நான் அதிகம் பார்க்கும் தவறு.

2. சாறுன்னா இலையை அரைச்சுப் பிழியறதுதானே? மெத்தனால், ஹெக்சேன் எல்லாம் எதுக்கு?

பச்சை இலையைப் பிழிந்தால் பெரும்பாலும் நீரில் கரைபவைதான் வரும். ஆய்வகத்தில் நிழலில் உலர்த்திப் பொடித்த இலையை ஒரு கரைப்பானில் ஊற வைப்போம். வடிகட்டி, ரோட்டரி எவாப்பரேட்டரில் அழுத்தத்தைக் குறைத்துக் கரைப்பானை ஆவியாக்கினால், குடுவையின் சுவரில் விரலில் ஒட்டும் கரும்பச்சைப் பிசின் மிஞ்சும். நாங்கள் சாறு என்று சொல்வது அதைத்தான். 100 கிராம் பொடியிலிருந்து 8 கிராம் பிசின் கிடைத்தால் விளைச்சல் 8 சதவீதம். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், 9-ஆம் கேள்வியில் தேவைப்படும்.

ஹெக்சேனில் மெழுகும் கொழுப்பும் வரும். மெத்தனாலில் ஃபிளேவனாய்டுகள், பல கிளைக்கோசைடுகள் வரும். நீரில் டானின்களும் சர்க்கரைகளும் வரும். அதாவது கரைப்பான் மாறினால் நீங்கள் சோதிக்கும் பொருளே மாறிவிடுகிறது. இதற்கு ஆர்ட்டிமிசினினைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சீனாவில் மலேரியா மருந்து தேடிய து யோயோவின் குழுவுக்கு, ஆர்ட்டிமிசியா செடியின் சாறு ஒரு முறை வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கோ ஹோங்கின் மருத்துவக் குறிப்பில், அந்தச் செடியைத் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவர் யோசித்து, சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதருக்கு மாறினார். 1971 அக்டோபரில் 191-ஆம் எண் சாறு எலிகளின் மலேரியா ஒட்டுண்ணிகளை முழுமையாக அடக்கியது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

3. செடியை எனக்குச் சின்ன வயசுல இருந்தே தெரியும். தாவரவியலாளர்கிட்ட எதுக்குக் காட்டணும்?

ஒரே பெயரில் பல செடிகளும், ஒரே செடிக்குப் பல பெயர்களும் புழங்குவதால்தான். பூவும் காயும் உள்ள கிளையை அழுத்தி உலர்த்தி, சேகரித்த இடமும் தேதியும் எழுதி ஹெர்பேரியத்தில் (உலர்ந்த செடிகளின் காப்பகம்) வைத்து எண் வாங்க வேண்டும். பத்து வருடம் கழித்து யாராவது சந்தேகப்பட்டால் அந்தத் தாளை எடுத்துப் பார்க்கலாம்.

இதை வெறும் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைப்பு மாத்திரைகளில் ஸ்டெஃபானியா என்ற செடியின் இடத்தில் அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்துவிட்டது. சீன மொழியில் இரண்டின் பெயர்களும் ஏறக்குறைய ஒன்றுதான். அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரவழைக்கும். 100-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, பலருக்கு அது முற்றிலும் செயலிழந்தது.

4. ஆல்கலாய்டு, ஃபிளேவனாய்டு, டானின், சபோனின் எல்லாத்துக்கும் பிளஸ் வந்திருக்கு. அப்போ நல்ல மூலிகைதானே?

அந்த அட்டவணையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. குலுக்கினால் நுரை நிற்கிறது, ஃபெரிக் குளோரைடு விட்டால் கருநீலமாகிறது, மேயர் கரைசலில் வெண்படிவு விழுகிறது என்ற நிறச் சோதனைகள் அவை. வகையைக் காட்டுமே தவிர, எந்தச் சேர்மம், எவ்வளவு என்று காட்டாது. நீங்கள் பறிக்கும் ஏறக்குறைய எந்த இலையிலும் பாதிக்கு மேல் பிளஸ் வரும். அடுத்து என்ன சோதிக்கலாம் என்று முடிவெடுக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

5. அகார் தட்டுல வளையம் பெரிசா வந்தா வீரியம் அதிகம்னு அர்த்தமா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். 6 மில்லிமீட்டர் காகித வில்லையில் சாற்றை ஊற்றி, பாக்டீரியா பூசிய முல்லர்-ஹின்டன் அகார் என்ற வளர்ப்புக் கூழின் மீது வைத்து ஓர் இரவு இன்குபேட்டரில் விடுகிறோம். காலையில் வில்லையைச் சுற்றித் தெளிவான வளையம் இருந்தால் அங்கே பாக்டீரியா வளரவில்லை. ஆனால் வளையத்தின் அளவு இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் காட்டுகிறது: பொருளின் வீரியம், அது அகாரில் எவ்வளவு தூரம் பரவுகிறது. நீரில் எளிதாகக் கரையும் சிறு மூலக்கூறு ஓடிப்போய்ப் பெரிய வளையம் தரும். எண்ணெய்த்தன்மையுள்ள வீரியமான பொருள் வில்லையிலேயே தங்கிச் சிறிய வளையம் தரும். இரண்டு சாறுகளின் வளையங்களை ஸ்கேல் வைத்து ஒப்பிட்டுப் பரிசு கொடுக்க முடியாது.

ஆன்டிபயாட்டிக்குடன் ஒப்பிடும்போது இன்னும் கவனம் வேண்டும். ஜென்டாமைசின் வில்லையில் இருப்பது 10 மைக்ரோகிராம். உங்கள் வில்லையில் 5 மில்லிகிராம் சாறு இருந்தால் அது 500 மடங்கு. வளையம் சமமாக வந்தாலும் சாறு ஆன்டிபயாட்டிக்குக்கு நிகர் என்று எழுதக்கூடாது. கரைப்பான் மட்டும் ஊற்றிய வில்லையும் அதே தட்டில் இருந்தாக வேண்டும்.

வீரியத்தைச் சொல்ல எம்.ஐ.சி. பாருங்கள். 96 குழித் தட்டில் சாற்றைப் பாதிப் பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எந்தக் குறைந்தபட்சச் செறிவு வரை வளர்ச்சி நிற்கிறது என்று பார்ப்பது. சாற்றின் பச்சை நிறம் கலங்கலை மறைப்பதால் ரெசசுரின் என்ற சாயம் சேர்ப்போம். வளர்ச்சி இருக்கும் குழி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும். மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். 5 மில்லிகிராம் என்று வந்தால், அந்தச் செறிவை 5 லிட்டர் ரத்தத்தில் எட்டவே 25 கிராம் பிசின் முழுதாக ரத்தத்தில் சேர வேண்டும். உள்ளே சாப்பிடும் மருந்தாக அதை நினைக்கவே முடியாது. மேலே பூசும் களிம்பாக வேண்டுமானால் யோசிக்கலாம்.

6. டிபிபிஎச் டெஸ்ட்ல 90 சதவீதம் வந்திருக்கு. இதை வச்சு நோய் எதிர்ப்புச் சக்தின்னு சொல்லலாமா?

கூடாது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறனைப் பார்க்கும் சோதனை இது. ஊதா நிற டிபிபிஎச் கரைசல் மஞ்சளாக வெளுக்கிறதா என்று 517 நானோமீட்டரில் பார்க்கிறீர்கள். மெத்தனாலில் நடக்கும் ஒரு வேதிவினை அது. உடலோ செல்லோ அங்கே எதுவும் இல்லை. பாலிஃபீனால் உள்ள எந்த இலையும் அதைச் செய்யும். ஐ.சி.50 எண் (பாதி விளைவுக்குத் தேவைப்படும் செறிவு) குறைவாக இருந்தால்தான் செயல் அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அதைத் தலைகீழாக எழுதிய அறிக்கைகள் நிறைய வருகின்றன.

7. காயம் ஆத்துற குணத்தைத் தட்டுல எப்படிப் பார்க்க முடியும்? தட்டுல காயமே இல்லையே?

காயத்தை நாமே உண்டாக்குகிறோம். தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் அல்லது கெரட்டினோசைட் செல்களைத் தட்டின் அடியில் இடைவெளியில்லாமல் ஒரே படலமாக வளர விடுவோம். பிறகு 200 மைக்ரோலிட்டர் பிப்பெட் முனையால் படலத்தின் குறுக்கே ஒரே இழுப்பில் ஒரு கோடு. பெயர்ந்த செல்களைக் கழுவிவிட்டு, சாறு கலந்த ஊடகத்தை ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் 0, 12, 24 மணி நேரங்களில் படம் எடுப்போம். தட்டின் அடியில் பேனாவால் முன்கூட்டியே குறி போட்டிருந்தால்தான் ஒவ்வொரு முறையும் அதே இடத்தைப் பிடிக்க முடியும். கரையில் இருக்கும் செல்கள் மெல்லிய விளிம்பை நீட்டி வெற்றிடத்துக்குள் ஊர்ந்து வருவது நன்றாகவே தெரியும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதைப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை.

இடைவெளி மூடுவதற்குச் செல்கள் நகர்ந்ததும் காரணமாக இருக்கலாம், பெருகியதும் காரணமாக இருக்கலாம். எது என்று தெரிய மைட்டோமைசின் சி கொடுத்தோ சீரத்தைக் குறைத்தோ பெருக்கத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். மேலும், ரத்தம் உறைதல், அழற்சி, கிருமித்தொற்று, புதிய ரத்தக்குழாய்கள் எதுவும் இந்தத் தட்டில் கிடையாது. காயம் ஆறுவதில் ஒரு பகுதியை மட்டும்தான் நாம் பார்க்கிறோம்.

8. எலிக்குத் தைலம் பூசினதுல காயம் சீக்கிரம் மூடிடுச்சு. மனுஷத் தோலுக்கும் அப்படித்தானே?

எலியின் தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய தசைப் படலம் இருக்கிறது. அது சுருங்கிக் காயத்தின் விளிம்புகளை இழுத்து மூடிவிடும். மனிதத் தோலில் பெரும்பாலும் அடியில் புதுத் திசு வளர்ந்து, மேலே தோல் செல்கள் படர்ந்துதான் காயம் ஆறும். ஆகவே எலியில் காயத்தின் பரப்பளவு குறைந்ததை மட்டும் அளந்தால் பாதிக்கதைதான் கிடைக்கும். சுருங்காமல் இருக்கச் சிலிகோன் வளையத்தைக் காயத்தைச் சுற்றித் தைத்துச் செய்யும் முறை சுண்டெலிகளில் உண்டு. தோலுக்கு வலுத் தரும் புரதமான கொலாஜனைக் கணிக்க ஹைட்ராக்ஸிபுரோலின் அளவு, ஆறிய தோல் எவ்வளவு இழுவையைத் தாங்குகிறது என்ற அளவு, திசுவெட்டுப் படங்கள் ஆகியவையும் சேர்ந்து ஒரே திசையில் பேசினால் நம்பலாம்.

மருந்து சேர்க்காத வெறும் களிம்பு பூசிய குழு இல்லாத ஆய்வை நான் மேற்கொண்டு படிப்பதில்லை. காயத்தை ஈரமாக மூடி வைத்தாலே சீக்கிரம் ஆறும்.

9. எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் கொடுத்தோம். அப்போ 60 கிலோ ஆளுக்கு 12 கிராமா?

அப்படி நேராகப் பெருக்கக்கூடாது. சிறிய விலங்குகளின் வளர்சிதை மாற்றம் வேகமானது. உடல் பரப்பளவைக் கணக்கில் எடுத்து எலிக்குக் கொடுத்த அளவை 6.2-ஆல் வகுக்க வேண்டும் (சுண்டெலிக்கு 12.3). 200-ஐ 6.2-ஆல் வகுத்தால் கிலோவுக்கு சுமார் 32 மில்லிகிராம், 60 கிலோவுக்கு 1.9 கிராம் பிசின். 2-ஆம் பதிலில் சொன்ன 8 சதவீத விளைச்சலை வைத்துப் பார்த்தால் அது சுமார் 24 கிராம் உலர்ந்த இலைப்பொடிக்குச் சமம். ஒரு நாளைக்கு ஒருவர் அத்தனை பொடி சாப்பிடுவாரா என்று கேட்டுப் பாருங்கள். இது ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான், யாருக்கும் மருந்தளவாகக் கொடுக்க அல்ல.

10. புற்றுநோய் செல்லைக் கொல்லுதுன்னு ரிசல்ட் வந்திருக்கு. அப்போ மருந்து கண்டுபிடிச்சாச்சுதானே?

செல்லைக் கொல்வது எளிது. அடர்ந்த உப்புக் கரைசல்கூடக் கொல்லும். புற்றுநோய் செல்லை எந்தச் செறிவில் கொல்கிறது, சாதாரண செல்லை எந்தச் செறிவில் கொல்கிறது, இரண்டுக்கும் எத்தனை மடங்கு வித்தியாசம் என்பதுதான் கேள்வி. வித்தியாசம் இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது ஒரு நஞ்சு. செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று நிறமாற்றத்தால் பார்க்கும் எம்.டி.டி. சோதனையில் இன்னொரு பொறியும் உண்டு. 6-ஆம் கேள்வியில் பார்த்த பாலிஃபீனால் போன்ற அதே ஒடுக்கும் (எலக்ட்ரான் கொடுக்கும்) சேர்மங்கள், செல்லே இல்லாமல் மஞ்சள் எம்.டி.டி.யை ஊதாவாக்கிவிடும். செத்த செல் உயிரோடு இருப்பதாகக் கணக்கு காட்டும். செல் இல்லாமல் சாறு மட்டும் போட்ட குழி கட்டாயம் வேண்டும்.

தட்டில் தொடங்கியது மருந்தாகவும் ஆகியிருக்கிறது, அதற்கு எவ்வளவு காலம் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். பசிபிக் யூ மரத்தின் பட்டை 1962-இல் சேகரிக்கப்பட்டது. அதிலிருந்த டாக்ஸால் என்ற புற்றுநோய் மருந்தின் அமைப்பு வெளியானது 1971-இல். அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது 1992-இல். நித்தியகல்யாணியின் கதை வேறு. கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதை நீரிழிவுக்காகச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளையணுக்கள் சரிந்தன. எதிர்பாராத அந்த எண்ணை அவர்கள் தள்ளிவிடாததால் 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது.

11. ஜிசி-எம்எஸ் ரிப்போர்ட்ல 40 சேர்மம் இருக்கு. எல்லாத்துக்கும் நெட்ல மருத்துவப் பயன் போட்டிருக்கே?

ஜிசி-எம்எஸ் சாற்றை ஆவியாக்கிச் சேர்மங்களைப் பிரித்து எடை பார்க்கும் கருவி. அந்தப் பட்டியல் கணினி நூலகத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் ஊகம். உண்மையான மாதிரிப்பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்காதவரை உறுதியில்லை. ஆவியாகும் சேர்மங்களைத்தான் அந்தக் கருவி பார்க்கும். டானினும் கிளைக்கோசைடும் உங்கள் மெத்தனால் சாற்றில் நிறைந்திருந்தாலும் அங்கே தெரியாது, அவற்றுக்குத் திரவத்திலேயே பிரிக்கும் எல்சி-எம்எஸ் வேண்டும். பட்டியலில் தாலேட் என்று முடியும் பெயர்கள் இருந்தால் முதலில் உங்கள் பிளாஸ்டிக் குழாய்களைச் சந்தேகப்படுங்கள். சிலோக்ஸேன் இருந்தால் கருவிக்குள் சேர்மங்களைப் பிரிக்கும் குழாயை (column). இவற்றைச் செடியின் மருத்துவச் சேர்மங்களாக அச்சிட்ட கட்டுரைகள் உண்டு என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

12. மஞ்சள்ல இருக்கிற குர்குமின் பத்தி ஆயிரக்கணக்குல ஆய்வு வந்திருக்கே, ஏன் இன்னும் மருந்தாகலை?

குர்குமின் ஒளிரும், உலோகங்களோடு பிணையும், புரதங்களோடு வினைபுரியும். இதனால் பல சோதனைகளில் உண்மையாக வேலை செய்யாமலேயே வேலை செய்வதுபோல் காட்டும். சீரம் இல்லாத, உடலின் காரத்தன்மையும் வெப்பமும் உள்ள கரைசலில் அரை மணி நேரத்தில் 90 சதவீதம் சிதைந்துவிடும். வாய்வழி கொடுத்தால் ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். மருந்து வேதியியலுக்கான ஓர் இதழில் 2017-இல் வந்த மதிப்பாய்வு, இருதரப்பும் அறியாமல் நடத்திய ஒப்பீட்டுச் சோதனை எதிலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்று எழுதியது. அந்த முடிவை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். இது குர்குமின் பற்றிய தீர்ப்பு, மஞ்சள் முழுவதையும் பற்றியது அல்ல.

13. தனியாப் பிரிச்சா வீரியம் போயிடுது. அப்போ முழுச் சாறுதான் சிறந்ததுன்னு ஒத்துக்கலாமா?

சில நேரம் அது உண்மை, நிரூபிக்கவும் முடியும். பெர்பெரிஸ் இனச் செடிகளில் பெர்பெரின் என்ற கிருமியைத் தடுக்கும் சேர்மம் இருக்கிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா அதைத் தன் நார்-ஏ பம்ப் மூலம் வெளியே தள்ளிவிடும். அதே செடியில் இருக்கும் இன்னொரு சேர்மத்துக்குத் தனியாகக் கிருமியைத் தடுக்கும் சக்தி கிடையாது, ஆனால் அது அந்தப் பம்பை அடைத்துவிடுகிறது. பெர்பெரின் உள்ளே தங்கி வேலை செய்கிறது. இதை 2000-இல் காட்டினார்கள்.

ஆனால் வீரியம் போனதற்கு வேறு காரணங்களும் உண்டு. பிரிக்கும்போது பொருள் சிதைந்திருக்கலாம், பிரிக்கப் பயன்படும் சிலிக்கா குழாயிலேயே (column) ஒட்டிக்கொண்டிருக்கலாம். முழுச் சாற்றில் தெரிந்ததே டானினின் வேலையாக இருக்கலாம், டானின் எந்தப் புரதத்தையும் பிடித்துப் படியவைத்து நொதிச் சோதனைகளில் பொய்யான பாசிட்டிவ் தரும். பிரித்த பகுதிகளைத் திரும்பக் கலந்து பாருங்கள். வீரியம் திரும்பினால் கூட்டுச் செயல் என்று பேசலாம்.

14. இயற்கையானதுதானே, நச்சுப் பரிசோதனை எதுக்கு?

3-ஆம் பதிலில் வந்த அரிஸ்டோலோக்கியாவும் இயற்கையானதுதான். ஓ.இ.சி.டி. 423 என்ற சர்வதேச நச்சுச் சோதனை முறையில் ஒவ்வொரு படிக்கும் 3 விலங்குகள் வைத்து, வழக்கமாகக் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை ஒரே வேளை கொடுத்து 14 நாள் கவனிப்பார்கள். அதில் தேறினால் உடனடி நஞ்சு அல்ல என்று மட்டுமே அர்த்தம். தினமும் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 28, 90 நாள் ஆய்வுகள் வேண்டும். செடி மண்ணிலிருந்து உறிஞ்சிய ஈயம், காட்மியம், கூடவே பூச்சிக்கொல்லி, பூஞ்சை நச்சு ஆகியவற்றையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

15. ஒரே செடி, ஒரே முறை. எங்க லேப்ல ஒரு ரிசல்ட், அவங்க லேப்ல வேற. யாரு தப்பு?

இருவரும் சரியாகவே செய்திருக்கலாம். பருவம், மண், இலையின் வயது, உலர்த்திய வெப்பம் எல்லாம் சேர்மங்களின் அளவை மாற்றும். சாற்றைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ.வின் அளவும் செல்களைப் பாதிக்கும், கடைசிக் கலவையில் அரை சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு சாறுகளையும் சேர்மங்களைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஒரே ஹெச்.பி.டி.எல்.சி. தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். பட்டைகள் பொருந்தாவிட்டால் நீங்கள் சோதித்தவை இரண்டு வெவ்வேறு பொருள்கள்.

16. தலைமுறை தலைமுறையா பயன்படுத்தறோம். அதை லேப் வந்து நிரூபிக்கணுமா?

பாரம்பரிய அறிவை நான் மிகவும் மதிக்கிறேன். து யோயோவுக்குத் திறவுகோல் கிடைத்தது அங்கிருந்துதான். எந்தச் செடி, எந்தப் பாகம், எப்படித் தயாரிப்பது என்பதை அது நன்றாகச் சொல்லும். உடனே தெரியும் விளைவுகளையும் தலைமுறைகள் கவனித்திருக்கும். பல வருடம் கழித்து வரும் சிறுநீரகப் பாதிப்பைக் கவனித்து, காரணத்தோடு சேர்த்துப் பார்ப்பது கடினம். அங்கேதான் ஆய்வகம் தேவைப்படுகிறது.

எழுதி வைக்கப்பட்ட அறிவுக்கு இன்னொரு பயனும் உண்டு. காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்த 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுமம்) பழைய நூல்களையும் இதழ்களையும் காட்டி எதிர்த்ததால் 1997-இல் அது ரத்தானது.

17. பிரிக்காத சாறே மருந்தா அனுமதி வாங்கினது உண்டா?

உண்டு. காயத்துக்கே ஒரு நல்ல உதாரணம், பிர்ச் மரப்பட்டைச் சாறு. தொட்டாலே தோல் உரியும் எபிடெர்மோலிசிஸ் புல்லோசா நோயாளிகளுக்காக அந்தச் சாற்றைச் சூரியகாந்தி எண்ணெயில் கலந்து செய்த ஜெல், 2022-இல் ஐரோப்பாவிலும் 2023 டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. 223 நோயாளிகளில் நடந்த சோதனையில் 45 நாளுக்குள் காயம் முழுதாக மூடியவர்கள் சாறு பூசிய குழுவில் 41.3 சதவீதம், சாறு இல்லாத ஜெல் பூசிய குழுவில் 28.9 சதவீதம். 8-ஆம் பதிலில் வெறும் களிம்புக் குழுவை ஏன் அத்தனை வற்புறுத்தினேன் என்பது இந்த இரண்டாவது எண்ணில் தெரியும்.

18. என்கிட்ட ஒரு செடி இருக்கு. சோதிக்கக் கொடுக்கணும்னா என்ன தயார் பண்ணணும்?

பூவோடு கூடிய கிளை, பறித்த இடமும் தேதியும், எந்தப் பாகத்தை எந்தத் தொந்தரவுக்கு எப்படித் தயாரித்துப் பயன்படுத்துகிறார்கள் என்ற குறிப்பு. நீரில் காய்ச்சிக் குடிப்பது வழக்கமென்றால் நீர்ச் சாற்றையும் கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள். மெத்தனால் சாற்றின் முடிவு உங்கள் கஷாயத்துக்குப் பொருந்தாது. என்ன கேள்விக்குப் பதில் வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதிக் கொடுங்கள். அறிக்கை கையில் வந்ததும் முதலில் ஒப்பீட்டுக் குழுக்களின் எண்களைப் பாருங்கள், பிறகு சாற்றின் எண்ணைப் பாருங்கள்.